கொடைக்கானல் - பேரிஜம் - மூணாறு ‘காட்டுவழிப் பயணம்’ விற்கிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

38,500 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறவிட்டால் ‘போனால் போகட்டும்’ என்று வீட்டில் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். முந்தாநாள் இரவுதான் திருச்சி வந்து சேர்ந்தோம். பைகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வழக்குப் போடப் போகிறோம், அதற்குள் பெயரைப் போட்டு அவர்கள் கையில் ஒரு பிடியைக் கொடுக்காதீர்கள் என்கிறார் வழக்கறிஞரான என் மைத்துனர். எனவே அடையாளம் மட்டும். படங்கள் பகிரும் சமூக வலைத்தளம் ஒன்றில் கடை விரித்திருக்கும் பயணத் திட்ட நிறுவனம் அது. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு வழி, தங்குமிடம், அனுமதி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்வார்கள். ஒரு படத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு கார் நிற்கும், அடுத்த படத்தில் அதே கார் கடலோரம் நிற்கும். அலுவலக முகவரி எங்கும் இருக்காது.

திருச்சியிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து பேரிஜம் காட்டுக்குள்ளாகவே டாப் ஸ்டேஷன், மூணாறு, பிறகு மலை இறங்கி வர்க்கலைக் கடற்கரை, கன்னியாகுமரி, திருச்செந்தூர் வழியாக வீடு. இதுதான் திட்டம். அம்மாவுக்கு முருகன், பிள்ளைகளுக்கு அலை, எனக்கு வண்டி ஓட்டும் ஆசை. கொடைக்கானல் காட்டேஜுக்கு 11,000, மூணாறு விடுதிக்கு 12,000, வர்க்கலை வீட்டுக்கு 9,500, மலைக்கு வண்டியில் போக வேண்டிய இ-பாஸும் வன அனுமதியும் சேர்த்து 3,000, திட்டக் கட்டணம் 3,000. கூட்டிப் பாருங்கள்.

நம்பவைத்த விதத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் மாட்டப்போவதும் அங்கேதான். தொலைபேசியில் பேசியவன் இளைஞன். குரலில் அவ்வளவு பணிவு. ‘அண்ணா’ என்றுதான் அழைத்தான். தாய்வழிச் சொந்த ஊர் பெருமாள்மலை என்றான். பணத்தைப் பற்றி அவனாக வாயே திறக்கவில்லை. “அம்மாவுக்கு முட்டி வலி என்றால் மேல்மாடி வேண்டாம் அண்ணா, கீழ்த்தளத்திலேயே அறை சொல்லிவிடுகிறேன்” என்றான். காமக்காப்பட்டி தாண்டியதும் வளைவுகளில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடச் சொன்னான். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகாதீர்கள், ஒன்றுக்கு 20 ரூபாய் வசூலிப்பார்கள் என்றான். பூண்டு வாங்குவதானால் பூம்பாறைக்கே போய் வாங்குங்கள், ஏரிக்கரைக் கடைகளில் வாங்காதீர்கள் என்றுகூடச் சொன்னான். அத்தனையும் உண்மை! நெருங்கிய சொந்தக்காரர்கூட இவ்வளவு அக்கறையாகச் சொல்லியிருக்க மாட்டார்.

காட்டுவழியைப் பற்றிக் கேட்டேன். “இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னைப் பக்கம் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பிப்போவதற்கென்று சீர்செய்து வைத்த பாதை அண்ணா. எல்லோருக்கும் திறக்க மாட்டார்கள். எங்களுக்குச் சிறப்பு அனுமதி இருக்கிறது” என்றான். என் மனைவி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஜப்பான்காரன் கதையிலேயே விழுந்துவிட்டார்கள். பாதை உண்மை, கதையும் உண்மை. 1990-லேயே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. ஒன்பது உண்மையைச் சொல்லிவிட்டுப் பத்தாவதில் கழுத்தை அறுத்தான்.

அன்று இரவே பணம் அனுப்பினேன். நிறுவனக் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் யூபிஐ எண்ணுக்கு. ‘கணக்கு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது அண்ணா, இந்த வாரம் மட்டும் இப்படி’ என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தான். உடனே வண்ணமயமான வரைபடம் ஒன்று வந்தது. எங்கே தேநீர் குடிக்க வேண்டும் என்பதுவரை குறித்திருந்தார்கள்.

மலையேறி இ-பாஸ் சோதனையில் நின்றபோது முதல் அடி விழுந்தது. அவர்கள் அனுப்பிய இ-பாஸில் இருந்தது என் வண்டி எண்ணே அல்ல. வேறு யாருக்கோ எடுத்ததை எனக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஒலிப்பானை அடிக்க, ஓரமாக நிறுத்தி என் செல்பேசியிலேயே விண்ணப்பித்தேன். சில நிமிடங்களில் கிடைத்துவிட்டது. கட்டணம்? எதுவும் கிடையாது. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் நடைமுறையில் இருக்கிற அந்த இ-பாஸ் முழுக்க முழுக்க இலவசம். அதற்குத்தான் என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

காட்டேஜ் உரிமையாளர் நல்ல மனிதர். “தம்பி, எனக்கு வந்தது 2,000 ரூபாய் முன்பணம்தான். மீதியை நீங்கள் நேரில் தருவீர்கள் என்றார்கள்” என்றார். நிறுவனத்தை அழைத்தேன். “கணக்குப் பிரிவில் தாமதம் அண்ணா, இப்போதைக்குக் கட்டிவிடுங்கள், சேர்த்துத் திருப்பிவிடுவோம்.” குளிரில் அம்மாவை நிற்கவைத்துக்கொண்டு வாதாட முடியுமா? கட்டினேன். அந்த 9,000-ஐ நான் 38,500-இல் சேர்க்கவே இல்லை. கணக்குச் சுத்தம் பார்ப்பவர்கள் அந்த 2,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். நான் கழிப்பதாக இல்லை.

மறுநாள் காலை மோயர் பாயிண்ட் வனச் சோதனைச்சாவடி. அனுமதித் தாளை நீட்டினேன். வனக்காப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டிவந்தார். “சார், இந்த மாதிரி தாளோடு வருகிறவர் நீங்கள் முதல் ஆள் இல்லை” என்றார் வந்தவர். தாளின் தலைப்பில் நீலகிரி வனக்கோட்டம் என்று இருப்பதைச் சுட்டிக்காட்டினார். கொடைக்கானல் காட்டுக்கு நீலகிரிக்காரர்கள் எப்படி அனுமதி கொடுப்பார்கள்? பேரிஜம் ஏரிவரை போவதற்கே இங்குள்ள வனத்துறையிடம்தான் அனுமதி வாங்க வேண்டும், அதுவும் நாளுக்கு இத்தனை வண்டி என்று கணக்கு, யானை நடமாட்டம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள், ஏரிக்கு அப்பால் யாருக்கும் வழி கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. “அப்பா, ஜப்பான்காரன் பாதை எங்கே?” என்று பின்னிருக்கையிலிருந்து மகன் கேட்டான்.

அதன் பிறகு நடந்த தொலைபேசிக் கூத்தை எழுதும்போதே கை நடுங்குகிறது. முதலில் “தற்காலிகத் தடையாக இருக்கும் அண்ணா, மதியம் திறந்துவிடுவார்கள்” என்றான். மூடி முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பாதை மதியம் திறக்குமாம். மதியம் அழைத்தபோது எடுத்தது வேறொரு பெண். “அவர் விடுப்பில் இருக்கிறார் சார், உங்கள் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம்.” மாலையில் வாட்ஸ்அப்பில் விதிமுறைத் தாள் வந்தது. இயற்கைச் சீற்றம், அரசுத் தடை போன்ற கைமீறிய காரணங்களால் வழி மாறினால் பணம் திருப்பித் தரப்படாது என்ற வரிக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். தாங்கள் விற்ற வழி விற்கும்போதே இல்லை என்பது இயற்கைச் சீற்றமாம்! மேலாளரிடம் பேச வேண்டும் என்றேன். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறாராம். இரவு பத்து மணிக்கு என்ன கூட்டம்? கடைசியில் ‘நல்லெண்ண அடையாளமாக’ அடுத்த பயணத்துக்கு 1,500 ரூபாய் தள்ளுபடிச் சீட்டு ஒன்று அனுப்பினார்கள். 38,500 ரூபாய்க்கு 1,500 ரூபாய், அதுவும் இன்னொரு முறை அவர்களிடமே ஏமாந்தால்தான். நான் எழுதிய பதிலை இங்கே போட முடியாது. அதற்குப் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கருத்தும் காணாமல் போனது.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, பாதி ஊரைச் சுற்றிக்கொண்டு காட்ரோடு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி வழியாக மூணாறுக்கே ஓட்டினேன். முறையான பாதை அதுதான். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி. விடுதியில் எங்கள் பெயரில் முன்பதிவே இல்லை. வர்க்கலை வீட்டுக்காரரை அங்கிருந்தே அழைத்தேன். அப்படி ஒரு நிறுவனத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கிடைத்த அறையில் இரவைக் கழித்துவிட்டு வீடு திரும்பினோம். கடலும் இல்லை, திருச்செந்தூரும் இல்லை.

இப்போது சிலர், ‘வனத்துறையிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே’ என்கிறார்கள். ஐயா, அதைக் கேட்டுச் சொல்வதற்குத்தானே திட்டக் கட்டணம் என்று தனியாக 3,000 ரூபாய் வாங்கினார்கள்? சமையல்காரருக்குக் கூலி கொடுத்துவிட்டு அரிசி வெந்ததா என்று நானே கிளறிப் பார்க்க வேண்டுமா?

போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீளமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இ-பாஸுக்கு யாராவது ஒரு ரூபாய் கேட்டாலும் அவன் திருடன். பேரிஜத்தைத் தாண்டிக் காரில் மூணாறு போகலாம் என்று எவன் சொன்னாலும் பொய். தனிநபர் யூபிஐக்குப் பணம் போடாதீர்கள். விடுதி என்றால் விடுதிக்காரரின் எண்ணை வாங்கி, எவ்வளவு வந்தது என்று அவர் வாயாலேயே கேளுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், அவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் சரி. 2019 சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

இந்த வாரமே மனு கொடுக்கிறேன். நீலகிரி வனக்கோட்டம் என்ற தலைப்போடு ‘சிறப்பு வழித்தட அனுமதி’ என்ற தாள் உங்களில் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கிழித்துப் போடாதீர்கள். தாளின் வரிசை எண்ணையும் பணம் அனுப்பிய தேதியையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எல்லோருக்கும் ஒரே எண்ணைத்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.