மோர்தானா, ஆண்டியப்பனூர், செண்பகத்தோப்பு: ஈட்டியோடு எந்த அணைக்குப் போகலாம்?

பழைய வட ஆற்காட்டுக்குள் மலையடி அணைகள் பல இருந்தாலும், வேலூரிலிருந்து ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துத் திரும்ப இந்த மூன்றும் தோதானவை. ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், விடிந்ததும் மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் குத்த வேண்டும். இதற்கு எது சரிப்படும் என்று பார்க்க நானும் மச்சானும் மூன்றுக்கும் இரண்டு முறை போனோம், சித்திரையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை. சித்திரையில் நீர் இறங்கி, பாறையும் பள்ளமும் பட்ட மரமும் வெளியே தெரியும். அப்போது கரைமேல் நின்று படம் எடுத்து வைத்துக்கொண்டால், தையில் நீருக்கடியில் என்ன கிடக்கிறது என்று ஊகிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்த சேறு படிந்து நீர் தெளிவதும் தையில்தான். வெயில் ஏறினால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

அழகு என்றால் மோர்தானாதான். குடியாத்தத்துக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, கவுண்டன்யா ஆற்றின் குறுக்கே 11.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. ஆனால் எல்லைக்கு அப்பால் கவுண்டன்யா சரணாலயம். 1980களில் அங்கே வந்து சேர்ந்த யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது, தண்ணீர் இருக்கும் இடம் தெரியும். சித்திரையில் நீரோரச் சேற்றில் முறம் அகலத்துக்குக் கால்தடம் பார்த்தோம், ஓரம்கூடக் காயவில்லை. அங்கே ராத்தங்குவது நமக்கும் ஆபத்து, தாகத்துக்கு வரும் யானைக்கும் இடைஞ்சல். ஆற்றையும் லேசாக எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் இந்த அணை நிரம்பி வழிந்தபோது குடியாத்தத்தில் கரையோர வீடுகள் என்ன பாடுபட்டன என்று ஊர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். மோர்தானாவைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

ஆண்டியப்பனூர் சின்னது, 112 மில்லியன் கன அடி. திருப்பத்தூர் பக்கம், ஜவ்வாது மலையின் காலடியில் இருக்கிறது. போக வர எளிது, குடும்பத்தோடு போகலாம். ஆனால் நீர் கலங்கல். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளப்பது எங்கள் வழக்கம். இங்கே இரண்டு முழத்திலேயே தட்டு மறைந்தது, அதுவும் தையில். அவ்வளவு கலங்கலில் ஈட்டி விடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிகிற மாதிரி. குத்துவது மீனா, பக்கத்தில் மூழ்கும் ஆளின் காலா என்று தெரியாது. தூண்டில்காரர்களுக்கு நல்ல இடம்.

செண்பகத்தோப்பில்தான் எங்கள் மனம் நின்றது. கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் படவேடு போய், ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கமண்டல நாக நதியின் மேல் 62 அடி உயர அணை, 287 மில்லியன் கன அடி. கொள்ளளவில் மோர்தானாவைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆழம் வேறு மாதிரி. மலை இரண்டு பக்கமும் நெருக்குவதால் கரையை விட்டுச் சில கஜத்திலேயே சரிவு தொடங்கிவிடுகிறது. தையில் பரிசலிலிருந்து தட்டை இறக்கினோம். ஐந்து முழம் வரை தெரிந்தது. ஈட்டிக்கு இது போதும்.

பரிசல் தள்ளிய பெரியவர் ஒரு முனையைக் காட்டி, “தம்பி, அந்தாண்ட மட்டும் எறங்காதீங்க. முள்ளுமரம் முழுகிக் கெடக்குது, அதுல தங்கூஸ் வலையும் சிக்கிக்கினு இருக்குது” என்றார். சித்திரையில் எடுத்த படத்தைத் திறந்து பார்த்தோம். அதே இடத்தில் மூன்று பட்ட மரங்கள்! மூச்சடக்கி மூழ்குபவர் வலையில் மாட்டினால் வெளியே வர முடியாது. இடுப்பில் சின்னக் கத்தியும், மேலே கண் எடுக்காமல் பார்க்க ஓர் ஆளும் இல்லாமல் இறங்கவே கூடாது. கடலில் மூழ்கிப் பழகியவர்கள், உடம்பை அமிழ்த்த இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியையும் குறைத்துக்கொள்ளுங்கள், நன்னீரில் உடம்பு அவ்வளவு மிதக்காது.

ஆனால் இங்கேயும் அணைக்கரையில் தங்க வேண்டாம். சுற்றிலும் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் இருப்பது குற்றம். படவேட்டில் வாழைத்தோப்புகள் நிறைய. தோப்புக்காரரிடம் முறையாகக் கேட்டுக் கூடாரம் போட்டுவிட்டு விடியற்காலையில் அணைக்குப் போகலாம். மீனுக்கு வேறு அனுமதி: அணை மீன் குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைக்காரர் சம்மதிக்காமல் ஒரு கெண்டையைக்கூடத் தொடக் கூடாது. அணையில் இறங்கலாமா என்று நீர்வளத்துறை அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைக் குத்துவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஜிலேபிக் கெண்டையைக் குத்துங்கள், வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி கண்ணில் பட்டால் விடாதீர்கள். இரண்டும் வெளியிலிருந்து வந்து நம் மீன்களின் இடத்தைப் பிடித்தவை. நீர் மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கும்பலாகக் கொதிப்பதுபோல் தெரிந்தால், அடியில் பெற்ற விரால் காவல் நிற்கிறது. அதைக் குத்தினால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

குத்தகைக்காரர் தையில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வரும் சித்திரையில் இன்னொரு முறை போய், பெரியவர் காட்டிய அந்த முனைக்கு மேற்கே உள்ள பாறைச்சரிவை நடந்தே பார்த்துவிட்டு வரப்போகிறோம்.