மூன்றாவது தசமம் நிற்காத தராசு: நான்கு ஆண்டு அனுபவம்

போன வாரம் கோபியிலிருந்து மாப்பிள்ளை அழைத்தார். "ஏனுங்க மச்சான், நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சின்னத் தராசு விலை இறங்கியிருக்கிறது, வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அதே தராசுக்கு லோடு செல் (எடையை உணரும் உலோகப் பாகம்) மாற்றி, வாங்கிய விலையில் பாதியைக் கூலியாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த எரிச்சலில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தபோது அது பாதிப் பதில்தான் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

உள்ளங்கையில் அடங்கும் தராசு அது. 50 கிராம் வரை தாங்கும், ஒரு மில்லிகிராம் வரை காட்டும். ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டுகளான பெல்லட்டுகளை எடைபோட்டுப் பிரிப்பதற்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் கோவையில் நகைத்தொழில் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். ஞாயிறுதோறும் பத்து மீட்டர் சுடும் பழக்கம் எனக்கு உண்டு. வெளிநாடுகளில் தோட்டாவைத் தாமே நிரப்பிச் சுடுபவர்கள் வெடிமருந்தை மணிக்கணக்கில் நிறுத்துப் போடுவதைப் பற்றிப் படித்துப் படித்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது, தயாரிக்கவும் வேண்டியதில்லை. பெல்லட்டுக்கு மருந்தும் இல்லை, பித்தளைக் கூடும் இல்லை. நம் கைக்கு மிஞ்சுவது எடையும் தேர்வும் மட்டும்தான். பம்பு தொழிற்சாலையில் இருபது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த கைக்கு அதுவே போதுமான வேலை.

பந்தயப் பெல்லட் ஒன்றின் எடை சுமார் 0.53 கிராம். டப்பாவில் அதை 8.2 கிரெயின் என்று போட்டிருப்பார்கள். ஒரு கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம். ஆசாரிகளின் பழைய கணக்கில் ஒரு பெல்லட் நான்கு குன்றிமணிக்குச் சற்று அதிகம். இந்த எடையில் இரண்டு மூன்று மில்லிகிராம் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மூன்றாவது தசமம் நிற்க வேண்டும். என் தராசில் அது நிற்பதில்லை. நான்கு வருடமாக என் பொறுமையைத் தின்றது இந்த ஒன்றுதான்.

எங்கள் வீடு சோமனூர்ப் பக்கம். பின்சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுக்காரரின் விசைத்தறிக் கொட்டகை. தறி ஓடும்போது தரையில் கால் வைத்தாலே அதிர்வு தெரியும். மேசைமேல் தராசை வைத்தால் காலித் தட்டிலேயே 0.000 என்பது 0.002 ஆகும், 0.004 ஆகும், திரும்பி வரும். ஒரு பெல்லட்டின் தலையில் சிவப்பு நகப்பூச்சு தொட்டு அடையாளம் வைத்தேன். அதையே சாமணத்தால் எடுத்து எடுத்துப் பத்து முறை வைத்துப் பார்த்தேன். 0.532, 0.534, 0.531, 0.537 என்று ஒரே பொருளுக்குப் பத்து முறையில் ஆறு எடை. தொழிற்சாலையில் இப்படி ஓர் அளவுகோல் என் மேசைக்கு வந்திருந்தால் அன்றே சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரம் கட்டியிருப்பேன்.

இருந்தாலும் விடவில்லை. சமையலறையில் சும்மா கிடந்த அம்மிக்கல்லைக் கொல்லைப்புற அறைக்கு நகர்த்தி, அதன்மேல் தராசை வைத்தேன். அதிர்வு பெரும்பகுதி அடங்கியது. அடுத்து காற்று. ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல் இடுக்கில்கூட நுழையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் அம்மி அசையவில்லை, மேலிருந்த எண்கள்தான் நிலைகொள்ளவில்லை. பையனின் பழைய மீன் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, தராசை அதற்குள் வைத்து, முன்பக்கம் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தேன். அழைப்பு வரும்போதெல்லாம் எண் குதிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தராசைப் போட்டதும் எடைபோடாமல் இருபது நிமிடம் சூடேற விட்டேன். உள்ளே இருக்கும் லோடு செல் வளைவதை வைத்துத்தான் எடை தெரிகிறது. அறை வெப்பம் மாறினால் உலோகமும் மாறும், சுழியமும் நகரும்.

தோட்டா நிரப்புபவர்களிடமிருந்து கற்ற ஒரு வழியை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டு வைத்துச் சுழியம் செய்த பிறகு தட்டைத் தூக்கினால் திரையில் கழித்தல் குறியோடு தட்டின் எடை வரும். என் தட்டுக்கு அது 7.846. இந்த எண்ணைப் பென்சிலால் கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிறேன். பத்துப் பெல்லட்டுக்கு ஒருமுறை தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். 7.846 வந்தால் போட்ட எடைகள் சரி. 7.849 வந்தால் சுழியம் நகர்ந்துவிட்டது, அந்தப் பத்தையும் திரும்பப் போட வேண்டும். கூடவே வரும் திருத்த எடைக்கல்லைத் தேடி எடுப்பதைவிட இது சுருக்கம். நான் இந்தத் தராசோடு நான்கு வருடம் காலம் தள்ளியது இதனால்தான்.

இவ்வளவு பாடுபட்டுக் குறியில் என்ன கிடைத்தது என்று மாப்பிள்ளை கேட்பார். கேட்க வேண்டியதுதான். பெல்லட் நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 16 மில்லிமீட்டர் கீழே இறங்கும். எடை 5 மில்லிகிராம் கூடினால் அந்த இறக்கம் கூடுவது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏர் ரைபிள் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், அதாவது 0.1 புள்ளி என்பது 0.25 மில்லிமீட்டர். ஆக, நான் அம்மியும் மீன் தொட்டியுமாகத் துரத்திய 5 மில்லிகிராம் 0.1 புள்ளிக்குக்கூடப் பெறாது. இந்தக் கணக்கை முதல் மாதமே போட்டிருக்கலாம். மூன்றாம் வருடம்தான் போட்டேன். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆனாலும் என் குறிகள் மேம்பட்டன என்பதும் உண்மை. காரணம் எடை இல்லை, சாமணம். எடைபோடுவதற்காக ஒவ்வொரு பெல்லட்டையும் அதன் ஒடுங்கிய நடுப்பகுதியில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கும்போது அதன் பின்விளிம்பு கண்ணில் படும். சுத்தமான ஈயம் மிருதுவானது. டப்பாவுக்குள் ஒன்றோடொன்று மோதியே விளிம்பு நசுங்கும். வட்டமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எடையில் அது தெரியவே தெரியாது, 0.532 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். அப்படிப்பட்டவற்றைத் தனியே ஒதுக்கிவைத்து ஒரு ஞாயிறு அவற்றை மட்டும் சுட்டுப் பார்த்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வரிசையில் காரணமே தெரியாமல் ஒன்று நடுவிலிருந்து விலகி 9ஆம் வளையத்துக்குத் தெறிக்குமே, அந்தத் தெறிப்புகள் ஒரே தாளில் வரிசையாக விழுந்தன. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்தத் தராசு இல்லாவிட்டால் நான் ஒரு பெல்லட்டையும் இத்தனை அருகில் பார்த்திருக்க மாட்டேன். (ஈயத்தைத் தொட்ட கையோடு டீ குடிக்காதீர்கள்; சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் குடியுங்கள்.)

பழுதான கதை சிறியது. பையன் தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டான். 50 கிராமுக்கு மேல் தாங்காத லோடு செல் நிரந்தரமாக வளைந்துவிட்டது. நகைக்கடைகளுக்குத் தராசு பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். மின்காந்த விசையால் எடையைச் சமன் செய்யும் தராசுகள் தனி இனம், அவற்றின் விலையும் தனி, இந்த விலைக்கு இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது நியாயம். பெட்டிமேல் மூன்று தசமம் அச்சடித்து விற்பது நியாயமில்லை. இரண்டு தசமத்தை நம்பலாம், மூன்றாவது உங்கள் வீட்டுத் தரையையும் காற்றையும் பொறுத்தது என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் இத்தனை கோபப்பட்டிருக்க மாட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என மூன்று விதப் பெல்லட் டப்பா வாங்குங்கள். எது உங்கள் குழலில் ஒரே துளையாக விழுகிறதோ, அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இன்னும் நான்கு டப்பா சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சாமணமும் நல்ல விளக்கும் போதும்.

இதை நேற்று போனில் அவரிடம் சொன்னேன். "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் மச்சான்" என்றார். மனம் வரவில்லை, முடியாது என்றேன். இன்று ஞாயிறு, தறி நின்றிருக்கிறது. காலையில் சிவப்புத் தலைப் பெல்லட்டைப் புது லோடு செல்லில் வைத்தேன். ஐந்து முறையும் 0.532.