பழைய முத்து இதழா, புதிய மறுபதிப்பா: மட்டக்களப்பிலிருந்து ஒரு விலைக் கணக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்துகொண்டு பழைய தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களைச் சேர்ப்பவருக்கு இன்று முன்னால் இருப்பவை முக்கியமாக மூன்று வழிகள். தமிழ்நாட்டு விற்பனையாளரிடமிருந்து அசல் இதழை வரவழைக்கலாம். சிவகாசியிலிருந்து வெளிவரும் மறுபதிப்பை வாங்கலாம். அல்லது நம்மூர் அலுமாரிகளில் எஞ்சியிருப்பதைத் தேடிப் பிடிக்கலாம். ஆங்கில மூலங்களை வாங்குவதும் மின்பிரதிகளைப் படிப்பதும் இவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் துணை வழிகளே. ஒவ்வொன்றின் செலவும் ஏறியிருக்கிறது என்பது உண்மைதான் என்றாலும், எல்லாம் ஒரே காரணத்தால் ஏறவில்லை என்பதைக் கவனித்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுக்க முடியும்.

முதலில் அசல் இதழ். 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப வெளியீடுகள் அரிதாகிப்போனதில் வியப்பில்லை. மலிவான தாளில், பேருந்துப் பயணத்தில் படித்துவிட்டுப் போடுவதற்காக அச்சிடப்பட்டவை அவை. யாரும் பாதுகாக்க வேண்டுமென்று நினைக்கவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், முத்துவின் முதல் ஐந்தாண்டு இதழ்கள் இலங்கைக்குத் தாராளமாக வந்து சேரவேயில்லை. ஆகவே அந்தக் காலத்து எண்களை இங்குள்ள வீடுகளில் தேடுவது பெரும்பாலும் வீண்முயற்சி. அவை வேண்டுமென்றால் தமிழ்நாட்டில்தான் வாங்க வேண்டும், அங்கு கேட்கும் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த விலை எப்படி உருவாகிறது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். அமெரிக்காவில் பழைய காமிக்ஸுக்கு ஏறிய விலைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சூப்பர்மேன் முதலில் தோன்றிய, 1938இல் பத்து சதத்துக்கு விற்ற ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2010இல் பத்து இலட்சம் டொலருக்கும், இன்னொரு பிரதி 2014இல் 32 இலட்சம் டொலருக்கும், வேறொன்று 2024இல் 60 இலட்சம் டொலருக்கும் போனது. ஸ்பைடர்மேன் முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழின் மிகச் சிறந்த பிரதியொன்று 2021இல் 36 இலட்சம் டொலரைத் தொட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய கடதாசி சேகரிப்பில் எண்ணற்ற பிரதிகள் அழிந்ததும், 2000ஆம் ஆண்டிலிருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் பிரதிகளைப் பரிசோதித்துப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருவதும், ஏல முடிவுகள் பகிரங்கமாக இருப்பதும் சேர்ந்தே அந்தச் சந்தையை உருவாக்கின. வாங்குபவருக்குத் தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியும். நாளைக்கு விற்றால் ஏறத்தாழ என்ன கிடைக்கும் என்றும் தெரியும்.

தமிழ் இதழ்களுக்கு இவற்றில் எதுவுமில்லை. மதிப்பெண் இடுபவர் இல்லை, பகிரங்க ஏலப் பதிவு இல்லை; விற்பவர் “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதினால், நடுப்பக்கம் கிழிந்திருக்கிறதா, பின்னட்டை வேறொரு இதழினுடையதா என்பது பொதி வந்து பிரித்த பிறகே தெரியும். ஆனால் கேட்கப்படும் விலையில் மட்டும் அமெரிக்க ஏலச் செய்திகளின் சூடு ஏறியிருக்கிறது. அங்கே கோடிகளில் போகிறது என்ற ஒரு செய்தி வந்தால், இங்கே முத்துவின் சகோதர இதழான லயனின் அட்டையில்லாத பிரதிக்கும் விலை கூட்டிச் சொல்கிறார்கள். வாங்கும்போது பொக்கிஷம், விற்கப்போனால் பழைய பேப்பர் என்ற நிலைதான் இன்றும் பெரும்பாலான தமிழ் இதழ்களுக்கு. முதலீடு என்ற நினைப்பில் அசலை வாங்குபவர் அந்த நினைப்பை இங்கேயே இறக்கி வைப்பது நல்லது.

இந்திய விலைக்கு மேல் நம்முடைய செலவு வருகிறது. 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் ஏறக்குறைய இரண்டு ரூபாய் எழுபது சதமாக இருந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் நாலரை ரூபாயைத் தாண்டியது. பின்னர் இறங்கி மூன்றரை ரூபாய் அளவில் நின்றது. சிவகாசியில் 400 ரூபாய் விலையிட்ட ஒரு நூல், அங்கு ஒரு சதம்கூடக் கூடாமல், நமக்கு 1,080 ரூபாயிலிருந்து 1,800 ரூபாய்க்கு மேல் போய், பிறகு 1,400 ரூபாய் அளவுக்கு வந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானபோது நூல்களும் அதற்குள் சேர்க்கப்பட்டன. தபால் கட்டணம் தனி. மெல்லிய ஒரேயொரு இதழைத் தனியாக வரவழைத்தால் இதழின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும் என்பதால், திருச்சிக்கோ சென்னைக்கோ மருத்துவத்துக்கும் கோயிலுக்கும் போய்வருபவர்களின் பயணப் பொதியில் இடம் கேட்பதே இங்குள்ளவர்களின் வழக்கம். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் தொடங்கிய கப்பல் சேவை இந்த வகையில் யாழ்ப்பாணத்தாருக்கு உதவும். மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் காங்கேசன்துறை கொழும்பைவிடக் கிட்டவுமில்லை, வசதியுமில்லை.

மறுபதிப்பின் கணக்கு வேறு மாதிரி. 2012 ஜனவரியில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்ற நூறு ரூபாய் இதழுடன் லயன் காமிக்ஸ் புதுப்பொலிவு பெற்ற பிறகு, பளபளப்பான தாளும் வண்ண அச்சும் வழக்கமாயின. பழைய மாயாவி, ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல), லாரன்ஸ் டேவிட், ஜானி நீரோ கதைகளும் மறுபடி வந்தன. கதையைப் படிப்பதுதான் நோக்கமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது: எழுத்து தெளிவு, பக்கம் முழுமை, உடைந்துபோகும் தாள் இல்லை, விற்பவரின் வார்த்தையை நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை. குறைந்த பிரதிகளே அச்சிடப்பட்டு, சந்தாதாரர்களுக்கும் புத்தகக் கண்காட்சிகளுக்கும் முதலில் போவதால், தவறவிட்டால் மறுபதிப்பே அரிய பொருளாகிவிடுகிறது என்பதே இதன் குறை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘இரத்தப் படலம்’. ஞாபகத்தை இழந்த பதின்மூன்றாம் எண்காரனின் கதையை 2010இல் ஒரே பெருந்தொகுப்பாகக் கருப்பு வெள்ளையில் 200 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். அது தீர்ந்த பிறகு, கைவசம் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை சந்தாவில் வாங்கியவர்களுக்கே சிரிப்பை வரவழைத்தது. 2018இல் வண்ணத் தொகுதிகளாக அது மீண்டும் வந்ததும், படிக்க மட்டும் வேண்டியவர்கள் புதியதை நோக்கி நகர்ந்தார்கள். மறுபதிப்பு வாசகரின் நெருக்கடியைக் குறைக்கும். சேகரிப்பாளரின் பசியைக் குறைக்காது. இந்த இரண்டு வகையினரும் ஒரே மனிதருக்குள் இருப்பதுதான் வீட்டில் சண்டை வரக் காரணம்.

அசலில் இருந்து மறுபதிப்பில் இல்லாதுபோவது என்ன என்று கேட்டால், கதைக்கு வெளியே உள்ள அனைத்தும் என்பேன். பழைய அட்டை ஓவியம், “அடுத்த வெளியீடு” விளம்பரம், வாசகர் கடிதம், லயனில் ஆசிரியர் எஸ். விஜயன் எழுதிவந்த ‘ஹாட்லைன்’ பக்கம், ஓரத்தில் அச்சிட்ட அந்நாளைய விலை ஆகியவை அந்தக் காலத்து வாசிப்புக்கான ஆவணங்கள். இவற்றுக்காக அசலை வாங்குவது நியாயமான செலவு. கதைக்காக மட்டும் வாங்குவது நியாயமல்ல.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, ஆரம்ப முத்துவைவிட ராணி காமிக்ஸின் அசல் இதழ்களுக்கே நான் முன்னிடம் கொடுப்பேன். 1984 ஜூலையில் ‘அழகியைத் தேடி’ என்ற ஜேம்ஸ் பாண்ட் கதையுடன் ஒன்றரை ரூபாய்க்குத் தொடங்கி, மாதம் இருமுறை வந்து, 2005இல் நின்றுபோன இதழ் அது. முத்துவுக்கும் லயனுக்கும் பழையதைத் திரும்ப எடுத்து வெளியிடும் பதிப்பகம் இன்றும் உயிரோடிருக்கிறது. நின்றுபோன ராணிக்கு அப்படியொரு கை இல்லை. அதிகம் அச்சிடப்பட்டதாலும் ‘சாதாரண’ இதழ் என்ற எண்ணத்தாலும் அதன் விலை இன்னும் முத்து அளவுக்கு ஏறவில்லை. சேகரிப்பாளர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்களுக்கு மாயாவியின் முதல் இதழுக்கு முன் மற்றதெல்லாம் தூசு.

மூன்றாவது வழியான உள்ளூர்த் தேடலில் செலவு குறைவு, ஏமாற்றம் அதிகம். 1978 நவம்பர் சூறாவளி, 1990க்குப் பிந்திய இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை என்று கரையோர வீடுகளில் கடதாசி தப்பிப் பிழைத்ததே அதிசயம். கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற கடலோர ஊர்களில் தேடுவதைவிட, வாவிக்கு மேற்கே படுவான்கரை உறவினர் வீடுகளின் பரண்களில் தேடுவதற்குப் பலன் அதிகம். தப்பியவற்றில் பல கச்சான் சரையாகிப் போயின என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிடைப்பவை பெரும்பாலும் பைண்ட் செய்யப்பட்டவை. பத்து இதழ்களை ஒன்றாகத் தைத்து, ஓரம் வெட்டி, கெட்டி அட்டை போட்டு வைப்பது அக்கால வாசகர்களின் பழக்கம். தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்டதைக் குறைபாடாகக் கருதி விலையைக் குறைப்பார்கள்; மேலட்டை கழற்றப்பட்டிருந்தால் இன்னும் குறையும். நான் அவர்களோடு உடன்படவில்லை. மலிவான தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து அமிலமாக மாறித் தாளை மஞ்சளாக்கி ஒடியவைக்கிறது; நம் வாவிக்கரை ஈரமும் உப்புக் காற்றும் கம்பிப்பின்னைத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துரு நடுப்பக்கத்தைத் தின்கிறது. நெருக்கித் தைத்த தொகுதிக்குள் காற்றும் ஒளியும் குறைவாகப் போவதாலும், தைக்கும்போது பல இடங்களில் கம்பி அகற்றப்பட்டதாலும், உள்ளே இருக்கும் தாள் தனி இதழின் தாளைவிட நன்றாக நிற்பதை அடிக்கடி காணலாம். சந்தையின் தவறான மதிப்பீடு நமக்கு இலாபம். பைண்டிங் தொகுதி கிடைத்தால் பிரித்துத் தனி இதழாக்க முயலாமல் அப்படியே வாங்குங்கள்.

துணை வழிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாயாவியின் மூலமான ‘தி ஸ்டீல் க்ளா’ 1962 அக்டோபரில் பிரித்தானிய வார இதழான ‘வேலியன்ட்’டில் தொடங்கியது; ஹெஸூஸ் ப்ளாஸ்கோவின் கோடுகளை நல்ல அச்சில் பார்க்க வேண்டுமென்றால் ரெபெல்லியன் நிறுவனம் அண்மையில் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு சிறந்தது. ஆனால் அதைப் பிரித்தானிய பவுணில் விலை கொடுத்து வாங்கவேண்டும்; அது நாம் தமிழில் படித்த மாயாவியும் அல்ல. உரிமையில்லாமல் சுற்றும் ஸ்கேன் பிரதிகள் இலவசம் என்றாலும், குறைந்த பிரதிகளை நம்பி நடக்கும் ஒரு சிறு பதிப்பகத்தின் வயிற்றில் அடிப்பவை. எந்த இதழில் என்ன இருக்கிறது என்று சரிபார்ப்பதற்கு மேல் அவற்றைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்த வழியில் வாங்கினாலும் வைத்திருக்கும் செலவு ஒன்று உண்டு. விலை பேசும்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவ மழை தை வரை விடாது பெய்யும் நமது மாவட்டங்களில், சாதாரண பொலித்தீன் பைக்குள் போட்ட இதழ் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். அமிலமற்ற பின்னட்டையும் பொலிப்ரொப்பிலீன் உறையும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவேண்டும். நூறு இதழ்களுக்கு அவற்றை வாங்கினால் ஓர் அரிய முத்து இதழின் விலை அதிலேயே போய்விடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் காலணிக் கடைகளில் கேட்டு வாங்கிச் சேர்ப்பதும், அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பதும், மழை விட்ட மாசியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைப்பதும் செலவில்லாத வேலைகள். மறுபதிப்பின் பளபளப்புத் தாளுக்கும் இது பொருந்தும். ஈரம் பட்டால் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய மலிவுத் தாளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் மட்டும் கிடையாது.