பத்தாயிரமா, எண்பதாயிரமா: ஒரு தண்டையார்பேட்டைக் கடைக்கணக்கு

எண்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது, ஸ்டாக் எடுக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் போன் எட்டு எடுப்பதா, எண்பதாயிரம் ரூபாய் போன் ஒன்று எடுப்பதா? வட சென்னை தண்டையார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் நான் முதல் கட்சி. பெரம்பூரில் கடை வைத்திருக்கும் என் மச்சான் இரண்டாவது கட்சி.

கணக்குக்காக இரண்டிலும் மார்ஜின், அதாவது கடைக்கு நிற்கும் லாபம், நூற்றுக்கு 4 என்று வைத்துக்கொள்வோம். எட்டு போன் விற்றால் 3,200 ரூபாய். ஒரு பெரிய போன் விற்றாலும் அதே 3,200. "எட்டு பேர்கிட்ட தொண்டை காயப் பேசுறத நான் ஒருத்தர்கிட்ட முடிச்சிடுறேன் மாப்ள" என்பார் மச்சான். உண்மைதான். ஆனால் என் எட்டு போனும் ஒரு வாரத்தில் போய்விடும். அதே முதலீடு மாதத்தில் நான்கு சுற்று வந்தால் 12,800. கூடவே டெம்பர்டு கிளாஸ், பேக் கேஸ், மெமரி கார்டு எல்லாம் போகும். போனில் வருவதைவிட அதில் வரும் விகிதம் அதிகம். மச்சானின் ஒரு போன் கண்ணாடி அலமாரியில் மாதக் கணக்கில் இருக்கும். வாங்க வருகிறவரும் ஆன்லைன் விலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

அதைவிடப் பெரிய பயம் விலை இறக்கம். ஆப்பிள் ஐபோன் 13, 14, 15, 16 நான்கையும் இந்தியாவில் 79,900 ரூபாய்க்குத்தான் அறிமுகம் செய்தது. புதியது வந்ததும் பழையது 10,000 ரூபாய் இறங்கும். 2024 செப்டம்பரில் 16 வந்தபோது 15-இன் விலை 69,900 ஆனது. அந்த உயர்ந்த விலைக்கு ஒரு வேலை இருக்கிறது. அது பக்கத்தில் நிற்பதால்தான் போன வருட மாடல் மலிவாகத் தெரிகிறது. கம்பெனிக்கு அது நல்ல யுக்தி. முந்தின நாள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் பணம் கட்டி எடுத்த சின்னக் கடைக்கு, இறக்கத்தை ஈடுகட்ட யாரும் இல்லாவிட்டால், மூன்று போன் விற்ற லாபம் போய்விடும். எனக்கே ஒருமுறை, வேறொரு பெரிய பிராண்டில், அப்படி நடந்தது. அதிலிருந்து முன்பணம் வாங்காமல் பிரீமியம் பீஸ் எடுப்பதில்லை.

பட்ஜெட் போனுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனால் அங்கே கம்பெனியின் சம்பாத்தியமே வேறு வழியில். ஷாவ்மி 2014-இல் ஃபிளிப்கார்ட் வழியாக இந்தியாவுக்குள் வந்தபோது கடை என்ற ஒன்றே நடுவில் இல்லை. ஹார்டுவேரில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று 2018-இல் அந்தக் கம்பெனி அறிவித்தது. மிச்ச லாபம் போனுக்குள் வரும் விளம்பரத்திலும், முன்பே போட்டுத் தரும் ஆப்களிலும். விவோ, ஓப்போ நேர் எதிர்ப்பக்கம் போனார்கள்: கடைக்கு போர்டு, கவுண்டருக்கு ஆள், டீலருக்கு மார்ஜின். சாம்சங் இரண்டு படகிலும் கால் வைத்தது; 2019 ஜனவரியில் எம் வரிசையை ஆன்லைனுக்கென்றே கொண்டுவந்து, ஏ வரிசையைக் கடைகளுக்கு விட்டது. பட்ஜெட் வழியின் பலவீனமும் இருக்கிறது. 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறியபோது முதலில் அடி வாங்கியது இந்த விலையில் இருக்கும் போன்கள்தான். பெரிய போனின் லாபத்தில் அந்த ஏற்றம் கரைந்துவிடும். பத்தாயிரத்தில் கரைக்க இடம் இல்லை.

வரியில் மட்டும் பாகுபாடு கிடையாது. 2020 ஏப்ரலில் 12-இலிருந்து 18 சதவீதம் ஆக்கியது இரண்டுக்கும்தான். பத்தாயிரம் ரூபாய் போனில் சுமார் 1,525 ரூபாய் ஜிஎஸ்டி. கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு நாள் சம்பளம். இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

இனி வாங்குகிறவர் பக்கம். "விலை அதிகம்தான், ஆனால் ஆறு வருஷம் வரும்" என்பது பிரீமியம் விற்கும் எல்லோரும் சொல்வது. அப்டேட் விஷயத்தில் அது நியாயம். சாம்சங் எஸ்24 வரிசைக்கு 7 வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வகுத்துப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் போன் இரண்டரை வருடம் வந்தால் வருடத்துக்கு 4,000. அறுபதாயிரத்துக்கு வாங்கிய, முந்தைய ஆண்டு மாடல் பிரீமியம் போன் ஆறு வருடம் ஓடி, கடைசியில் பதினைந்தாயிரத்துக்குப் போனாலும் வருடத்துக்கு 7,500. பதினெட்டாயிரம் ரூபாய் போன் நான்கு வருடம் வந்தால் 4,500. என்னைக் கேட்டால் அந்த மூன்றாவதைத்தான் காட்டுவேன். வீடியோ எடுத்து அதில் சம்பாதிக்கிறவர் என்றால் பிரீமியம் எடுக்கட்டும், அது அவருக்குத் தொழில் சாமான்.

மச்சான் கடையில்கூட நவராத்திரி, தீபாவளி சமயத்தில் ஓடுவது அந்த நடு ரகம்தான். ஐசிஎஃப் ரயில்பெட்டி ஆலை, லோகோ ரயில் பணிமனைக் குடும்பங்களுக்கு ரயில்வே போனஸ் வரும் நேரம் அது. பல வருடமாக 78 நாள் கணக்கில் அதிகபட்சம் 17,951 ரூபாய். போனஸ் கவரும் போன் டப்பாவும் ஒரே அளவில் இருக்கின்றன.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்காரர்களுக்கு அப்படி ஒரு தொகை மொத்தமாக வராது. "இன்னாபா, மாசம் எவ்ளோ கட்டணும்?" என்றுதான் அக்காக்கள் கேட்பார்கள், மொத்த விலையைக் கேட்பதே இல்லை. பெரிய போன் சின்னக் குடும்பத்துக்குள் நுழையும் வாசல் இந்த இஎம்ஐதான். வட்டியில்லா இஎம்ஐ என்று எழுதியிருந்தாலும் பிராசஸிங் ஃபீஸ் இருக்கும். கிரெடிட் கார்டு என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் இரண்டு தவணை விழும். மாதம் ஆயிரம் என்றால் எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுவார்கள், ஆறாயிரம் என்றால் நகை அடகுக்குப் போகும். அதனால் மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய இஎம்ஐ போடச் சொல்வதில்லை. "ஜூன் முடியட்டும் அக்கா, அப்போ பார்த்துக்கலாம்" என்று பழைய போனுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்து அனுப்புவேன். படகு திரும்பி ஏலம் சூடு பிடித்ததும் அவர்கள் வருவார்கள். அதற்குள் பத்திலிருந்து பதினெட்டு வரை உள்ள ரகங்களை அலமாரியில் நிறைத்து வைத்திருப்பேன்.