பாலக்கரை போலீஸ் டெய்லர் கடை: கையைத் தூக்கினாலும் வெளியே வராத சட்டை

திருச்சியில காக்கி தைக்கிற கடைக்குப் பஞ்சமே இல்லை. நாங்க போறது பாலக்கரை மெயின் ரோட்டுலேர்ந்து உள்ள பிரியிற ஒரு சந்துல இருக்கிற பாய் கடைக்கு. போர்டுல ‘போலீஸ் டெய்லர்’னு மட்டும்தான் இருக்கும், அதுலயும் ‘லீ’ அழிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர் டிராபிக்ல ஏட்டு, 2003 பேட்ச். போட்டுக்கிறது மட்டும்தான் அவர் வேலை. துணி குடுக்கிறது, வாங்கிட்டு வர்றது, துவைக்கிறது, கஞ்சி போட்டு அயர்ன் பண்றது எல்லாம் நான்தான். அதனால ரிவ்யூ எழுதுற தகுதி எனக்குத்தான் இருக்கு.

இந்தக் கடையில பழைய சட்டையை அளவுக்குக் குடுத்தா வாங்க மாட்டாங்க. ஆள் நேர்ல வரணும். டியூட்டி முடிஞ்சு வர்ற மனுஷனை அங்க இழுத்துட்டுப் போறது பெரிய பாடு. ஆனா பாய் அளவு எடுக்கிறதைப் பார்த்தா ஏன்னு புரியும். மார்பு, தோள், கழுத்து எல்லாம் வழக்கம்போல எடுத்துட்டு, “ஏட்டய்யா, இப்ப பஸ்ஸை நிறுத்துங்க”ன்னு சொல்லுவார். இவரும் ஹெட் போஸ்டாபீஸ் சிக்னல்ல நிக்கிற மாதிரியே வலது கையைத் தூக்கி நிப்பார். பாய் அப்படியே டேப்பை அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் இழுத்துக் குறிச்சுக்குவார். அடுத்து ஸ்டூல்ல உட்காரச் சொல்லி இடுப்பை இன்னொரு தடவை அளப்பார். கடைசியில வாசல்ல நிக்கிற வண்டி மேல காலைப் போடச் சொல்லி தொடையை அளப்பார். “நிக்கும்போது ஒரு இடுப்பு, உட்காரும்போது ஒரு இடுப்பு மா. டிராபிக்காரர் ரெண்டுலயும் மூச்சு விடணும்ல”ன்னு எனக்கு விளக்கம் வேற.

தைச்சு வந்ததை வீட்டுல பிரிச்சுப் பார்த்தேன். சட்டையோட பின்பக்கம் முன்பக்கத்தை விட நீளம். அக்குள்ல ஒரு சின்ன சதுரத் துணி வெச்சுத் தைச்சிருக்கார். பேன்ட் இடுப்புல பிரிச்சு விடுறதுக்கு உள்ள தாராளமா துணி மடிச்சு விட்டிருக்கார். கையை எத்தனை தடவை தூக்கினாலும் சட்டை பெல்ட்டுக்குள்ளயே இருக்கு.

இது என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. முன்னாடி வேற ஒரு கடையில தைச்சுக்கிட்டிருந்தோம். அந்தச் சட்டை கையைத் தூக்குறப்பெல்லாம் பெல்ட்டை விட்டு மேல ஏறி வயிறு தெரியும். சிக்னல்ல நிக்கிற யாரோ ஒரு பையன் போட்டோ எடுத்து, ‘தொப்பை போலீஸ்’னு எழுதி விட்டுட்டான். அது சுத்திச் சுத்தி எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துச்சு. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் எங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டவங்க. தொப்பை இருக்கு, நான் மறைக்கலை. ராத்திரி பதினொன்றரைக்கு பரோட்டாவும் சால்னாவும், நடுவுல பசி அடங்குறதுக்கு டீ மேல டீ, பகல் பூரா ஒரே இடத்துல நிக்கிற வேலை. இதுல வயித்துல என்ன சிக்ஸ் பேக்கா வரும்? வாரத்துல ஒரு நாள் லீவுன்னு 2021-ல அரசாணை போட்டாங்க, ரொம்ப சந்தோஷப்பட்டோம். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம், மார்கழியில ஸ்ரீரங்கம் சொர்க்கவாசல், நடுவுல யாராவது மந்திரி வருகைன்னு வந்தா அந்த லீவு போன இடம் தெரியாது.

சினிமா பார்த்துட்டு வர்ற பசங்களும் இங்க உண்டு. ஒரு நாள் நவல்பட்டுல டிரெயினிங் முடிச்ச ஒரு தம்பி போன்ல ஒரு ஹீரோ படத்தைக் காட்டி, கை டைட்டா, இடுப்பு ஒட்டி, இதே மாதிரி வேணும்னு நின்னான். பாய் ஒண்ணும் சொல்லலை. சும்மா நூலோட்டம் ஓட்டி ஒரு சட்டையை மாட்டி விட்டு, “சல்யூட் அடி தம்பி”ன்னார். அவனும் விறைப்பா அடிச்சான். அக்குள்ல தையல் டர்ருனு விட்டுப் போச்சு. “சினிமாவுல சல்யூட் அடிச்ச உடனே கட் சொல்லிடுவாங்க. உனக்கு யாரு கட் சொல்றது?”ன்னார் பாய். தம்பி கடைசியில கொஞ்சம் இறங்கி வந்தான், ஆனா முழுசா இல்லை. வயசு.

பாக்கெட் விஷயத்துக்கு வர்றேன். இடது பாக்கெட்ல நோட்டு, பேனா, போன் எல்லாம் போகணும். அதனால ஆழமா வெச்சு, உள்ள ரெட்டைத் துணி போடுவார். “பாக்கெட் பெருசா வைக்கவா?”ன்னு அவர் கேட்டா போதும், கடையில துணி வாங்க வந்து நிக்கிறவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பாங்க. எனக்கு அந்தச் சிரிப்பு பழகிப் போச்சு. லஞ்சம் வாங்குறவங்களே இல்லைன்னு நான் வாதாட வரலை. குவார்ட்டர்ஸ்ல குடியிருக்கிற எங்களுக்கு, யார் வீட்டுல சம்பளத்தை மிஞ்சி சாமான் இறங்குதுன்னு நல்லாவே தெரியும். ஆனா குவார்ட்டர்ஸ் கிடைக்கிறதுக்கு முன்னாடி போலீஸுக்கு வாடகைக்கு விட மாட்டோம்னு மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தினவங்களும் இருக்காங்க. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் பிடிச்சுட்டுப் போன அப்பாவும் மகனும் செத்த செய்தி வந்தப்ப, இங்க திருச்சியிலயே பலபேர் வீட்டுலேர்ந்து கிளம்பும்போது யூனிபார்ம் மேல கலர் சட்டை போட்டுக்கிட்டு போனாங்க. எங்க வீட்டுக்காரரும்தான். எங்கம்மா போன் பண்ணி, “மாப்பிள்ளை ஸ்டேஷன்ல யாரையும் அடிப்பாராடி?”ன்னு கேட்டுச்சு. “அவரு டிராபிக்மா”ன்னு சொல்லி வெச்சுட்டேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லைன்னு அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாய் கடையில அந்த மாசம் வேலையே இல்லையாம், கொரோனாவும் சேர்ந்துக்கிச்சு. யாரும் துணி எடுத்துட்டு வரலை, வந்தவங்களும் பேசலைன்னார்.

டிராபிக்குக்கு மேல வெள்ளைச் சட்டை, கீழ காக்கி. அந்த வெள்ளையை எவன் கண்டுபிடிச்சானோ தெரியலை, அவன் துவைச்சுப் பார்த்திருக்க மாட்டான். 2022 செப்டம்பர்ல காவிரிப் பாலத்தை ரிப்பேருக்கு மூடினாங்களே, ஞாபகம் இருக்கா? மறு வருஷம் மார்ச்லதான் திறந்தாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஸ்ரீரங்கம் போற வண்டியெல்லாம் ஓயாமரி ரோடு, பைபாஸ் பாலம்னு சுத்திப் போக, அந்தப் பக்கம் நின்னவர் காலர் அடுப்புக்கரித் துணி மாதிரி வரும். சோப்பு, பிரஷ், சொட்டு நீலம் எதுக்கும் மசியலை. புதுசா தைக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன். பாய் தான் தடுத்தார். காலரைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சுக் குடுத்தார், உள்பக்கம் வெளியே வந்துச்சு, சட்டை புதுசு ஆயிடுச்சு. கூலி அறுபது ரூபாய். காலர் திருப்புறதுன்னா என்னன்னே இப்ப நிறைய டெய்லருக்குத் தெரியாது.

பேன்ட்டுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. 2016 மகாமகத்துக்கு இவரைக் கும்பகோணம் பந்தோபஸ்துக்கு அனுப்பினாங்க. 1992-ல மகாமகக் குளத்துல நெரிசல்ல அத்தனை பேர் செத்ததால, அந்தத் தடவை குளத்தைச் சுத்தி நின்ன போலீஸ் யாரையும் இம்மி நகர விடலையாம். ஈரமும் வெயிலுமா நின்னு, தொடை இடுக்கு ரெண்டும் உரசிப் புண்ணாகித்தான் வீடு வந்து சேர்ந்தார். பேன்ட்டைக் கொண்டு போய்க் காட்டினேன். பாய் தையல் கூடுற இடத்தைத் தடவிப் பார்த்துட்டு, அந்த இடத்துல மட்டும் மெல்லிசா ஒரு காட்டன் துணி உள்ள வெச்சுத் தைச்சார். அதுலேர்ந்து எல்லாப் பேன்ட்டுக்கும் அப்படித்தான். அடுத்த மகாமகம் 2028-ல, இப்பவே சொல்லி வெச்சுட்டேன்.

குறை இல்லாம இல்லை. பெரிய குறை, பொம்பளை போலீஸுக்கு இந்தக் கடை சரிப்படாது. அளவு எடுக்க மறைப்பு கிடையாது. பாயோட வீட்டம்மா மாடியில எடுப்பாங்க, அவங்க ஊருக்குப் போயிருந்தா திரும்பி வர வேண்டியதுதான். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கலாம். எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு கிரேடு டூ கான்ஸ்டபிள். விஐபி வர்றப்ப ரோட்டோரமா பெண் போலீஸை நிறுத்தக் கூடாதுன்னு 2021-ல டிஜிபி உத்தரவு போட்டார். திருவிழாவுக்கு நிக்கத்தானே வேணும்? அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நடமாடும் கழிப்பறையில, வெளியே வரிசை நிக்கும்போது, பெல்ட்டு, விசில் கயிறு எல்லாத்தோடயும் சட்டுனு கழட்டி மாட்டுற மாதிரி ஒரு பேன்ட். ஆம்பளைக்கு பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அளவு எடுக்கிற மனுஷனுக்கு இது மட்டும் மண்டையில ஏறலை. நான் சொல்லிப் பார்த்தேன், “கவனிக்கிறேன் மா”ன்னார். இன்னும் கவனிச்சுக்கிட்டே இருக்கார்.

சொன்ன தேதிக்குக் கிடைக்காது, அது இன்னொண்ணு. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கும்போது போனா மூஞ்சி குடுத்தே பேச மாட்டார், பரேடு சட்டைங்கதான் முதல்ல. ஒரு தடவை பட்டன் தைக்காமலே மடிச்சுக் குடுத்து அனுப்பிட்டாங்க.

ஒரு நல்ல பழக்கம், தெரியாதவங்க யார் வந்தாலும் ஐடி கார்டைப் பார்க்காம காக்கி தைக்கிறதில்லை. ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்குக் கேட்டு வந்த ஒரு அம்மாவைக்கூட, பட்டையும் பேட்ஜும் வைக்க மாட்டேன்னு சொல்லித்தான் தைச்சுக் குடுத்தார். அலமாரியில ஒரு சிவப்புத் தொப்பி இருக்கும், குழந்தைங்க அதைத்தான் கேக்கும். அது காரைக்கால் போலீஸோடது. அங்க புதுச்சேரி கணக்கு, பிரெஞ்சுக்காரன் காலத்துச் சாயல் தலையில இன்னும் இருக்கு. யாரோ பழுது பார்க்கக் குடுத்துட்டு வரவே இல்லையாம்.

தையல்கூலி எங்களுக்கு சட்டை 450, பேன்ட் 550. துணி நாமதான் குடுக்கணும். டெரிகாட்டனா இருந்தா நனைச்சுக் காயவெச்சுக் குடுங்க. ஏட்டு பட்டை மாத்தணும்னா அங்கயே உட்கார்ந்து வாங்கிக்கலாம். ஜிபே உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும். வண்டியைச் சந்துக்குள்ள விட்டுட்டுப் போங்க, மெயின் ரோட்டுல விடாதீங்க, நோ பார்க்கிங். போலீஸ் வீட்டு வண்டின்னு சொல்லிப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் டியூட்டியில இருந்தப்ப அவங்க எஸ்ஐயை விட்டு எனக்கே சலான் போட வெச்சுட்டார், காசும் என்கிட்டதான் வாங்கினாங்க.