பலகையை மிதிப்பதா, பெடலைச் சுழற்றுவதா?

ஊர்ப் பொதுவில் காலால் இயங்கும் இயந்திரம் ஒன்று செய்து வைக்கலாம் என்று யோசிப்பவர்களின் கை முதலில் பழைய சைக்கிளின் மேல்தான் போகிறது. பெடல், செயின், பல்சக்கரம் எல்லாம் தயாராக இருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் மலிவாகவும் கிடைக்கும். ஆனால் சைக்கிளே இல்லாமல், இரண்டு மிதிபலகைகளை மட்டும் வைத்து ஓடும் தண்ணீர் பம்ப் ஒன்று லட்சக்கணக்கில் பரவியது. இரண்டில் எது உங்களுக்கு என்பதை, செய்யப்போகிற வேலையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. நல்ல உடல்நிலையில் உள்ள சாதாரண ஆள் ஒருவர் மூச்சு வாங்காமல் நீண்ட நேரம் தரக்கூடிய கால்வலு சுமார் 75 வாட். அரைக் குதிரைத்திறன் மின்மோட்டார் ஒன்று இப்படி ஐந்து பேருக்குச் சமம். கையில் இருப்பதே இவ்வளவுதான் என்பதால், வழியில் சிந்துகிற ஒவ்வொரு வாட்டும் மிதிப்பவரின் முழங்காலில் தெரியும்.

மிதிபலகை பம்ப் வங்கதேசத்தின் வடக்கே, ரங்பூர் – தினாஜ்பூர் பகுதியில் 1980ஐ ஒட்டிப் பிறந்தது. அங்கே ஊரக மேம்பாட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய நார்வே நாட்டுப் பொறியாளர் குன்னர் பார்ன்ஸ் வடிவமைத்தது. இரண்டு சிலிண்டர்கள், இரண்டு பிஸ்டன்கள், அவற்றை இணைத்துக் கப்பியின் மேல் ஓடும் ஒரு கயிறு, மிதிக்க இரண்டு மூங்கில். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினாலே போதும். ஏற்றத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து கிணற்று நீர் இறைத்த நம் முன்னோர் பயன்படுத்தியதும் இதே உடல் எடையைத்தான்.

ஐந்து மீட்டர் ஆழத்துத் தண்ணீர் என்று வையுங்கள். 75 வாட்டில் பாதி உராய்விலும் கசிவிலும் போனாலும் விநாடிக்கு முக்கால் லிட்டர் வரும். மணிக்கு 2,700 லிட்டர். காய்கறிப் பாத்திக்கு இது தாராளம். வங்கதேசத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதில் வியப்பில்லை. விற்றது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிறு விவசாயிகள் காசு கொடுத்து வாங்கியவை அவை. தேய்ந்த வாஷரை மாற்றக் கொல்லர் தேவையில்லை, சில ரூபாயும் ஒரு ஸ்பேனரும் போதும்.

இன்னொரு நன்மையை வரைபடம் போடுபவர்கள் கவனிப்பதே இல்லை. சேலை கட்டிய பெண் மிதிபலகையில் இயல்பாக நிற்கலாம். எடை குறைந்தவர் பலகையின் நுனிக்குத் தள்ளி நின்றால் நெம்பு வலு கூடும்; எடை மிகுந்தவர் அச்சுப் பக்கம் நகர்ந்து நிற்கலாம். பொதுவில் வைக்கும் பொருளுக்கு இது பெரிய தகுதி. சைக்கிள் இயந்திரத்திலோ ஆள் மாறும்போதெல்லாம் சீட்டை ஏற்றி இறக்க வேண்டும். அந்தத் திருகுதான் முதலில் வழுவழுத்துப் போகும்.

சைக்கிள் தரப்புக்கு வருவோம். குவாத்தமாலாவின் சான் அந்திரேஸ் இட்சாபா என்ற ஊரில் 1997 முதல் மாயா பெடால் என்ற அமைப்பு, பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வரும் பழைய சைக்கிள்களை அறுத்து ஒட்டி இயந்திரங்கள் செய்கிறது. மக்காச்சோளம் அரைக்க, முத்து உதிர்க்க, பழம் அடிக்க, காபிப் பழத்தின் தோல் நீக்க, தண்ணீர் இறைக்க என்று பட்டியல் நீளும். ஒரே சட்டத்தில் அரைவையைக் கழற்றிவிட்டு முத்து உதிர்ப்பானைப் பொருத்தலாம். மிதிபலகை பம்ப் தண்ணீர் இறைப்பதோடு சரி.

அரைப்பது சுழல்கிற வேலை, பெடலும் சுழல்கிறது. இடையில் மாற்றம் எதுவும் தேவையில்லை, எண்ணெய் விட்ட செயினில் இழப்பும் மிகக் குறைவு. ஆனால் பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட ஒன்றுமே தள்ளுவதில்லை. கடினமான தானியம் அங்கேதான் சிக்கும். கனமான ஃப்ளைவீல் ஒன்று, அதாவது வேகத்தைத் தக்கவைக்கும் பாரச்சக்கரம், அந்த இடைவெளியைத் தாண்டிக் கொண்டுபோகும். பழைய ரிம்முக்குள் கான்கிரீட் கொட்டினாலே ஆயிற்று. கால் நின்றதும் ஃப்ளைவீல் தனியே ஓட பிரீவீல் கட்டாயம். அதை விட்டுவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பெடல் குழந்தைகளின் முழங்காலைப் பதம் பார்க்கும். செயினுக்குத் தகர மூடியும் போடுங்கள். தாவணியும் விரலும் மாட்டுவது அங்கேதான்.

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? மிதிபலகையால் சக்கரம் சுற்றலாம். பழைய தையல் இயந்திரம் அதைத்தான் செய்கிறது. ஊசிக்குப் போதுமான அந்த ஏற்பாடு, அரைவைக் கல்லுக்கு முன் திணறும். பெடலால் பிஸ்டனை ஏற்றி இறக்கவும் முடியும். கூடுதலாக, சுழற்சியை மேலும் கீழுமாக மாற்றும் ஒரு கிராங்க், இரண்டு பேரிங், நான்கு தேய்மான இடங்கள். மேலும் கீழுமான வேலைக்குப் பலகை, சுழலும் வேலைக்குப் பெடல் என்பதே என் கட்சி.

மூன்றாவதாக ஒரு போட்டியாளர் இருந்தது: தென்னாப்பிரிக்காவின் பிளேபம்ப். குழந்தைகள் காலால் உந்திச் சுற்றும் ராட்டினம் நிலத்தடி நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும். 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் 1.64 கோடி டாலர் நிதியை அறிவித்தார். 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். சொன்ன அளவு நீர் வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் அலுத்துப் போனபின் பெண்கள்தான் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். பழைய கைப்பம்பு எவ்வளவோ தேவலாம் என்று பல ஊர்களில் சொன்னார்கள். இதைப் பற்றி மேலும் எழுத எனக்குப் பொறுமையில்லை.

தமிழ்நாட்டில் கிரைண்டரும் மிக்ஸியும் அரசே வீட்டுக்கு வீடு கொடுத்தது. விவசாய மின்சாரமும் இலவசம். ஆகவே பெடல் மிக்ஸி இங்கே பள்ளிக் கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். கம்பி எட்டாத மலைக்கிராமமோ, மின் இணைப்புக்காகக் காத்திருக்கும் துண்டு நிலமோ என்றால் கதை வேறு.

தண்ணீருக்கு மிதிபலகை என்றேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தத்தை நம்பி உறிஞ்சும் எந்தப் பம்பும் நடைமுறையில் ஏழு மீட்டருக்குக் கீழிருந்து இழுக்காது. எவ்வளவு பலமாக மிதித்தாலும் பயனில்லை. கிணறு அதைவிட ஆழம் என்றால் பெடலுக்குத் திரும்ப வேண்டியதுதான், ஆனால் பிஸ்டனோடு அல்ல, கயிற்றுப் பம்போடு. நிகராகுவாவில் பெருவாரியாகப் புழங்கிய முறை அது. கயிற்றில் இடைவெளிவிட்டுக் கோத்த பிளாஸ்டிக் வில்லைகள் பிவிசி குழாய்க்குள் தண்ணீரை ஏந்திக்கொண்டு ஏறும். கயிற்றைச் சுற்றுவது ஒரு சக்கரம் என்பதால் பெடல் அப்படியே பொருந்தும். இருபது மீட்டர் கிணற்றில் அதே 75 வாட், அதே பாதி இழப்பு என்றால் நிமிடத்துக்கு 11 லிட்டர். ஒரு குடம் நிறைய ஒன்றரை நிமிடம் ஆகும். குடிக்கவும் ஆட்டுக்கும் இது போதும், வயலுக்குப் போதாது.