அம்மாவின் பாத்ரூமுக்காக 285,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம், மட்டக்களப்பு ஆட்கள் கவனம்

இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தேன். நேற்று இரவு அந்த ஆள் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டான். இனியும் எழுதாமல் இருந்தால் எனக்குத்தான் நெஞ்சு வெடிக்கும். 285,000 ரூபாய். கட்டாரில் வெயிலுக்குள் நிற்கிற அண்ணன் அனுப்பிய காசு அது.

பெயர் போடவில்லை. போட்டால் பிறகு நாங்கள்தான் அலையவேண்டி வரும் என்று இவர் சொல்கிறார். எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். கடை என்று ஒன்று கிடையாது, ஒன்லைனில் ஒரு பக்கம். வீல்செயார், கைபிடி, கொமட் எல்லாம் விற்பார்களாம், முதியோருக்கு ஏற்ற மாதிரி வீட்டையும் மாற்றித் தருவார்களாம். முகப்பில் சிரித்துக்கொண்டிருக்கிற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தியின் படம். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஜூலையில் பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போச்சு. போதனா வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது பிசியோ மிஸ் ஒரு தாளில் படம் கீறியே தந்தார். வாசல் படிக்கு ராம்ப், பாத்ரூம் சுவரில் கைபிடி, கொமட்டை உயர்த்தவேண்டும், கதவை அகட்டவேண்டும், வழுக்காத டைல்ஸ். எங்கள் வீடு கல்லடியில், சுனாமிக்குப் பிறகு கட்டியது. வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திவிட்டோம். வாசலில் மூன்று படி, மொத்தம் 21 அங்குலம். அன்றைக்குப் புத்தியாகத் தெரிந்தது.

அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டேன். அடுத்த நாளே ஆள் வந்துவிட்டது. முப்பத்தைந்து வயது இருக்கும், அயன் பண்ணின சேர்ட். வீட்டை அளப்பதற்கு முதல் நேரே அம்மாவிடம் போய்க் கட்டிலடியில் குந்தினார். (இந்த இடம் வரைக்கும் மரியாதையாக எழுதுகிறேன்.) அம்மாவின் வராத கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "என்ட அம்மாவும் நாலு வருசம் இப்பிடித்தான் கிடந்தவ. நீங்க பயப்படாதீங்கம்மா, ஒரு கிழமையில நீங்களே போய்க் குளிப்பீங்க" என்றார். விலகியிருந்த போர்வையை இழுத்து அம்மாவின் காலை மூடினார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "தம்பிக்குத் தேத்தண்ணி குடு புள்ள" என்றார்.

நாற்பது நாளாக அம்மாவின் வாயிலிருந்து ஒரு முழு வசனம் வரவில்லை. அதுதான் முதல் வசனம். நான் குசினிக்குள் போய் அழுதுகொண்டேதான் தண்ணி வைத்தேன். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு 385,000 என்று சொன்னபோது நான் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து, கொண்டுவந்த கைபிடியில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பாருங்கக்கா, ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்." அன்றைக்கே 150,000 கையில் கொடுத்தேன். பில் என்று தந்தது ஒரு கொப்பித் தாள்.

இனி அவன் என்றே எழுதுகிறேன்.

இரண்டு பேர் வந்தார்கள். முதல் நாளே பழைய கொமட்டை உடைத்து எடுத்தார்கள், பாத்ரூம் டைல்ஸையும் கொத்திப்போட்டார்கள். அடுத்த நாள் ராம்ப். அது முடிந்த கையோடு, "சாமான் எடுக்கணும், கொழும்பு லொறி நிக்குது" என்று அவன் கோல் எடுத்தான். இன்னொரு 135,000 போட்டுவிட்டேன். ஆக 285,000. மூன்றாம் நாள் இரண்டு கைபிடியைச் சுவரில் பூட்டினார்கள், கொமட் என்று ஒரு பெட்டியை வராந்தாவில் இறக்கினார்கள். அன்றைக்கு செப்டெம்பர் 20. அதற்குப் பிறகு ஒருவரும் இந்தப் படலையைத் திறக்கவில்லை.

ராம்ப் ஏழு அடி. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும் என்று மிஸ் எழுதியே தந்திருந்தார், அந்தத் தாளை அவனிடமும் காட்டினேன். 21 அங்குலத்துக்கு 21 அடி. வளவு போதாவிட்டால் எல் மாதிரி மடக்கிக் கட்டலாம். ஏழு அடியில் கட்டியதில் வீல்செயாரை ஏற்ற இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். இறக்கும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார். கதவைத் தொடவே இல்லை. 27 அங்குலக் கதவு, அம்மாவின் வீல்செயார் 26. கை தேயாமல் போகாது.

கைபிடிதான் மோசம். பாத்ரூம் பாவிக்க ஏலாவிட்டாலும் எழும்பி நின்று பழகட்டும் என்று அம்மாவை அதைப் பிடிக்க வைத்தேன். மூன்றாம் தரம் பிடிக்கும்போது ஆணியோடு கழன்று கையில் வந்துவிட்டது. எங்கள் சுவர் உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். சும்மா பிளாஸ்டிக் பிளக் வைத்து ஆணி முறுக்கினால் எப்படி நிற்கும்? பின்னால் நான் நின்றபடியால் விழவில்லை, இடுப்பு மட்டும் சுவரில் அடிபட்டு நீலம் பாய்ந்தது. அந்த ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்ஸும் ஒரு மாதத்தில் கடல் காத்துக்குப் புள்ளி புள்ளியாகக் கறள் கட்டிவிட்டது. வெல்டிங் வேலை செய்கிற மச்சான் வந்து பார்த்துச் சிரித்தான். 201 என்கிற மலிவு ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாதாம், கடற்கரை வீட்டுக்கு 316 என்கிற ரகம்தான் போடவேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு தொடங்கியது சாட்டு. முதலில் சாமான் துறைமுகத்தில் நிற்குது. அடுத்தது மேசனுக்கு டெங்கு. அடுத்தது அவனுடைய மாமியின் செத்த வீடு. நானும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று வட்சப்பில் அனுப்பினேன், என்னைச் சொல்லவேண்டும். நவம்பரில் மழை. மழைக்கும் பாத்ரூமுக்குள்ளே கொமட் பூட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? மறுகா ஒரு பிள்ளை போனை எடுத்து "சேர் மீட்டிங்கில" என்றது. அவர்களுடைய பக்கத்தில் கொமென்ட் போட்டேன், அஞ்சு நிமிசத்தில் அழித்தார்கள். நேற்று, 285,000ஐயும் திருப்பித் தா என்று எழுதினேன். புளொக். சின்னம்மாவின் போனிலிருந்து எடுத்தேன். "சொல்லுங்கம்மா" என்று அதே தேன் குரல். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

இந்தச் சாட்டெல்லாம் எதற்கு என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்கிற நம்பருக்கு, கோல் எடுத்தேன். முறைப்பாட்டை எழுத்தில் தரவேண்டும், அதுவும் வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். அவர்கள் கடைசியாக வந்தது செப்டெம்பர் 20. இன்று டிசம்பர் 9. எனக்கு மிச்சம் பதினொரு நாள். "நாளைக்கு, நாளைக்கு" என்று அவன் இழுத்தது அந்த மூன்று மாதத்தைத்தான் என்று நினைக்கிறேன். கொப்பித் தாள், பாங்க் சிலிப், வட்சப் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன், நாளைக் காலையில் பதிவுத் தபாலில் போகும்.

என்ன செய்யவேண்டும் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. கொஞ்சம் மட்டும். புதுக் கொமட் வந்து இறங்காமல் பழையதைக் கழற்ற விடாதீர்கள். பதிவு இலக்கம் உள்ள பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். கைபிடி பூட்டினால் அம்மாவைப் பிடிக்க வைக்க முதல் நீங்கள் தொங்கிப் பாருங்கள். முதல் சாட்டு வந்த அன்றைக்கே 1977.

கட்டிலடியில் குந்திக் கையைப் பிடிக்கிறவனைப் பற்றி எப்படி எச்சரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இன்னும் அவனைத் தம்பி என்றுதான் கேட்கிறார்.

கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் ராம்ப் உடைத்துக் கட்டத் தெரிந்த மேசன் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நாள் சம்பளம், பின்னேரமே கையில் தருவேன். காலையில் எட்டு மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். அதற்கு முதல் கிணற்றடியில் தகரம் மறைத்து அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்போம்.